ஜிப்சம் போர்டு இணைப்பில் குமிழும் கொப்புளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிப்சம் போர்டில் செய்த ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் சுவர் இரண்டிலும் போர்டும் போர்டும் சேரும் கோட்டை மறைப்பது ஜாயின்ட் காம்பவுண்டும் டேப்பும்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரைவால் (ஜிப்சம் போர்டு) வேலை செய்பவர்கள் ‘மட்’ என்று சொல்வதும் இதே காம்பவுண்டைத்தான். அதில் வரும் குமிழ்களைப் பற்றி வீட்டுக்காரர்களும் பெயின்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

குமிழ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மேலே இன்னொரு கோட் (பூச்சு) இழுக்காதீர்கள். அது எந்தக் குமிழ் என்று முதலில் பார்க்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கடுகளவு மேடுகூட அப்போது நிழல் போட்டுக் காட்டிவிடும்.

பரப்பெங்கும் கடுகு இறைத்ததுபோல் சிறு மேடுகளோ ஊசித்துளைகளோ இருந்தால் அது காற்று. கலக்கும்போது புகுந்திருக்கும், அல்லது அடிப்பரப்பிலிருந்து வந்திருக்கும். இணைப்புக் கோட்டின் மேலேயே, விரல் அகலத்தில் நீளவாக்கில் உப்பியிருந்தால் டேப் ஒட்டவில்லை. பட்டி பிளேடின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடம் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். ஒட்டாத இடத்தில் காகிதத்தைத் தட்டியதுபோல் வெற்றுச் சத்தம் வரும். இணைப்பே இல்லாத இடத்தில் தோல் உரிந்ததுபோல் உப்பினால் போர்டின் மேல்காகிதம் கிழிந்திருக்கிறது. ஸ்க்ரூ வரிசையில் நாணய அளவு வட்டமாக உப்பினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. மஞ்சள் அல்லது பழுப்புக் கறையோடு உப்பினால் மேலே எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பூசினால் பெயின்ட் அடிக்கும் நாளில் அதே இடம் மறுபடி எழும்.

கலக்கும்போதே காற்று புகுந்துவிடுகிறதே?

டிரில் மிஷினில் துடுப்பை மாட்டி முழு வேகத்தில் சுற்றினால் மோர் கடைந்ததுபோல் நுரைக்கும். நிமிடத்துக்கு 400, 450 சுற்றுக்குமேல் வேண்டாம். வேகத்தைக் குறைக்க முடியாத சாதாரண டிரில்லாக இருந்தால் கையால் கலக்குவதே நல்லது. துடுப்பைப் பக்கெட்டின் அடியில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது அதை மேலே தூக்கக் கூடாது. நிறுத்திய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். துடுப்பு மேலும் கீழும் போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துச் செல்கிறது.

பவுடர் வகை என்றால் பக்கெட்டில் முதலில் தண்ணீர், அதன்மேல் பவுடர். பவுடர்மேல் தண்ணீர் ஊற்றினால் உலர்ந்த உருண்டைகள் நடுவே காற்றோடு மாட்டிக்கொள்ளும். தூவியபின் இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் விடுங்கள், பவுடர் தானாகவே தண்ணீரைக் குடிக்கட்டும். கலக்கி முடித்ததும் பக்கெட்டைத் தரையில் நாலைந்து முறை தட்டினால் பெரிய குமிழ்கள் மேலே வந்து உடையும். எடுத்துப் பூசுமுன் தட்டில் வைத்து, பிளேடால் மடித்து மடித்து அழுத்துங்கள். மீதிக் காற்றில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம்?

கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ் பக்கெட்டில் இருப்பது டேப் ஒட்டுவதற்குச் சற்றுக் கெட்டி. 5 கிலோவுக்கு 100 மில்லியில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் ஐம்பது ஐம்பதாகக் கூட்டலாம். பதம் கெட்டித் தயிர்போல் இருக்க வேண்டும்: பிளேடைச் சாய்த்தால் மெல்ல நகர வேண்டும், வழியக் கூடாது. கடைசி மெல்லிய கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் இளக்கிக்கொள்ளலாம். பவுடருக்கு மூட்டையில் அச்சிட்ட அளவே கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

தண்ணீர் கூடினால் காயும்போது அதிகம் சுருங்கும், டேப்பின் ஓரம் எழும். குறைந்தால் டேப்பின் காகிதம் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, காம்பவுண்டு ஒட்டாமலே இறுகிவிடும்.

ரெடிமிக்ஸ் நல்லதா, பவுடரா?

இரண்டும் இறுகும் விதமே வேறு. ரெடிமிக்ஸில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூளும் பசையும் இருக்கும். தண்ணீர் ஆவியானால்தான் காயும், காயும்போது சுருங்கும். இறுகும் வகைப் பவுடரில் இருப்பது சூட்டில் நீர் இழந்த ஜிப்சம். தண்ணீர் பட்டதும் இழந்த நீரை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதனால் மழைநாளிலும் குறித்த நேரத்தில் இறுகும், சுருக்கமும் குறைவு. ஆனால் பவுடராக விற்பதெல்லாம் இறுகும் வகை அல்ல. ஆவியாகிக் காயும் பவுடரும் உண்டு. மூட்டையில் இறுகும் நேரம் 20, 45, 90 நிமிடம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போர்டுகளுக்கு இடையே 3 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் முதலில் இறுகும் வகையால் அடைத்துவிட்டு, அது கெட்டியானபின் டேப் ஒட்டுங்கள். மேல்கோட்டுகளுக்கு ரெடிமிக்ஸ் சுகம், தேய்ப்பதும் எளிது. இறுக ஆரம்பித்த பவுடர்க் கலவையில் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பயன்படுத்தவே கூடாது. பார்க்க இளகும், பிடிப்பு போய்விட்டிருக்கும்.

பேப்பர் டேப் ஏன் உப்புகிறது?

அடியில் காம்பவுண்டு இல்லை. பெரும்பாலும் காரணம் இதுதான். இல்லாமல் போகும் வழிகள்தான் பல.

காம்பவுண்டை இடைவெளி விட்டுப் பூசி, நடுவே வெறும் போர்டு தெரிந்திருக்கும். டேப்பை வைத்தபின் பிளேடை ஓங்கி அழுத்தி, அடியில் இருந்ததை எல்லாம் பிதுக்கி வெளியேற்றியிருப்பார்கள். வெயில் காலத்தில் ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் காம்பவுண்டு இழுத்துவிட்டு டேப்பை எடுக்கப் போவதற்குள் மேலே ஆடை கட்டியிருக்கும். அந்த ஆடைமேல் டேப் ஒட்டாது. போர்டு வெட்டிய தூசியைத் துடைக்காமல் பூசியிருக்கலாம், அப்போது காம்பவுண்டு தூசியைத்தான் பிடித்திருக்கும். சந்தை அடைக்காமல் விட்டிருந்தால் காம்பவுண்டு உள்ளே இறங்கி டேப்பின் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும்.

காய்ந்தபோது தட்டையாக இருந்த டேப்கூட அடுத்த கோட்டின் ஈரமோ ப்ரைமரின் ஈரமோ பட்டதும் எழும். ஈரம் குடித்த காகிதம் விரியும். ஒட்டிய இடத்தில் விரிய வழியில்லை, ஒட்டாத இடத்தில் மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று பெயின்டரைக் குறை சொல்வது பல நேரம் இதனால்தான். குறை டேப் ஒட்டிய அன்றே உள்ளே இருந்தது.

சரி, டேப்பை எப்படி ஒட்டினால் கொப்புளம் வராது?

இந்த ஒரு வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாக் கோட்டையும் பிறகு சரிசெய்யலாம். டேப் கோட் கெட்டால் உரித்துத்தான் ஆக வேண்டும்.

ஈரத்துணியால் இணைப்பைத் துடையுங்கள். 4 அங்குல பிளேடால் காம்பவுண்டை 2 மி.மீ. கனத்துக்கு, டேப்பைவிடச் சற்று அகலமாக, எங்கும் போர்டு தெரியாதபடி இழுங்கள். வெயில் நாளில் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மீட்டருக்குமேல் வேண்டாம். டேப்பின் நடுக்கோடு இணைப்பின் மேல் வரும்படி வைத்து, விரலால் ஆங்காங்கே ஒற்றிவிடுங்கள். மூலை என்றால் டேப்பை அதன் நடுமடிப்பில் மடித்து, மடிப்பு மூலைக்குள் போகும்படி வைக்க வேண்டும்.

பிறகு நடுவிலிருந்து ஒரு முனைக்கும், மறுபடி நடுவிலிருந்து அடுத்த முனைக்குமாக, பிளேடை 45 பாகை சாய்த்து இழுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரேயடியாக இழுத்தால் டேப் நகர்ந்து சுருக்கம் விழும். இழுக்கும்போது டேப்பின் இரண்டு ஓரத்தையும் கவனியுங்கள். பிளேடுக்குப் பின்னாலேயே மெல்லிய நூல்போல் காம்பவுண்டு இரண்டு பக்கமும் கசிய வேண்டும். அந்தக் கசிவு வரும் இடமெல்லாம் அடியில் காம்பவுண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஓர் இடத்தில் கசிவு நின்றுபோனால் அங்கேயே நிறுத்துங்கள். டேப்பை அந்த இடம்வரை தூக்கி, அடியில் கொஞ்சம் வைத்து மறுபடி ஒட்டுங்கள். இப்போது அரை நிமிட வேலை, நாளை அரை நாள் வேலை.

அழுத்தம் எவ்வளவு என்றால், டேப்பின் அடியில் ஏறக்குறைய 1 மி.மீ. மிஞ்ச வேண்டும். கசிந்து வந்ததை வழித்து, டேப்பின் மேல் காகிதம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சாக விட்டுவிடுங்கள். மேலே ஈரம் இல்லாவிட்டால் காகிதம் ஒரு பக்கம் மட்டும் ஈரமாகி ஓரம் சுருளும். கோடையில் டேப்பை ஒட்டுமுன் ஒரு நொடி தண்ணீரில் முக்கி இரண்டு விரலுக்கு இடையே வழித்துவிட்டு ஒட்டுவதும் உண்டு. சொட்டச் சொட்ட ஒட்டினால் மட்டும் காம்பவுண்டு நீர்த்துப் பிடிப்பு குறையும்.

ஃபைபர் டேப் ஒட்டினால் கொப்புளமே வராதாமே?

வலையாக இருப்பதால் காற்று வெளியேறிவிடும், உண்மைதான். ஆனால் அது பேப்பர் டேப்பைவிட எளிதில் இழுபடும், இணைப்பு அசைந்தால் விரிசல் சீக்கிரம் தெரியும். ஃபைபர் டேப்மேல் முதல் கோட் கட்டாயம் இறுகும் வகைப் பவுடராக இருக்க வேண்டும். உள்மூலைக்குப் பேப்பர் டேப்தான் பொருந்தும், ஃபைபர் அங்கே நேர்க்கோடாக மடியாது.

பழைய பெயின்ட் சுவரில் மெல்லிய கோட் இழுத்தால் இழுத்த வேகத்தில் குமிழ் வருகிறது. ஏன்?

காம்பவுண்டு நன்றாக இருந்தாலும், கலக்கியது சரியாக இருந்தாலும் இது வரும். ரோலரால் அடித்த பெயின்ட்டை அருகில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாக இருக்கும். பிளேடு அந்தக் குழிகளின் மேல் காம்பவுண்டை மூடிவிட்டுப் போகிறது, குழியில் இருந்த காற்று உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. வெறும் போர்டு என்றால் ஈரத்தை உறிஞ்சிக் காம்பவுண்டைச் சட்டென்று இறுக்கிவிடும். பெயின்ட் உறிஞ்சாது. காம்பவுண்டு நெடுநேரம் இளக்கமாகவே இருக்க, காற்று மெல்ல மேலே வந்து கடுகுபோல் உப்பி நிற்கிறது. பளபளப்பான எனாமலில் இது மிக அதிகம்.

வழி இது. 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சமையலறைச் சுவர் என்றால் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவி, காயவிடுங்கள். முதல் கோட்டின் வேலை சுவரை மூடுவதல்ல, குழிகளை அடைப்பது. பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, பூசியதில் பெரும்பகுதியைச் சுரண்டி எடுப்பதுபோல் அழுத்தி இழுக்க வேண்டும். அடியில் உள்ள பெயின்ட்டின் நிறம் தெரிந்துகொண்டே இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, ஈரப் பளபளப்பு மங்கும் நேரத்தில், பிளேடைத் தாழ்வாகச் சாய்த்து அதே இடத்தில் இன்னொரு முறை அழுத்தி ஓட்டுங்கள். எழுந்த குமிழ்கள் உடைந்து அடைபடும். காய்ந்தபின் இரண்டாம் கோட் இழுத்தால் குமிழ் பெரும்பாலும் வராது, காரணம் இப்போது அடியில் குழிகள் இல்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு. ப்ரைமர் காணாத பழைய பட்டிச் சுவரோ பிஓபியோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) தண்ணீரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போக, துளைகளில் இருந்த காற்று வெளியே வரும். அங்கே ஒரு கோட் ப்ரைமர் அடித்துக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழ் போகுமா?

குறையும். திரவ சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் காம்பவுண்டு வழுக்கிக்கொண்டு பரவும், ஊசித்துளைகள் எளிதில் மூடும். 5 கிலோவுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும், அதுவும் மேல்கோட்டுக்கு மட்டும். டேப் ஒட்டும் காம்பவுண்டில் விடாதீர்கள், பிடிப்புதான் அங்கே முக்கியம். சோப்பு விட்டபின் டிரில்லால் அடித்தால் நுரைதான் கிடைக்கும், கையால் கலக்குங்கள்.

உப்பிய டேப்பைச் சரிசெய்வது எப்படி?

இன்னும் ஈரமாக இருந்தால் அந்த இடத்தை முனையிலிருந்து தூக்கி, அடியில் காம்பவுண்டு வைத்து மறுபடி அழுத்துங்கள்.

காய்ந்துவிட்டால் முதலில் தட்டிப் பார்த்து, ஒட்டாத பகுதி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் உப்பலைவிட அது எப்போதும் சற்று நீளமாகவே இருக்கும். இரண்டு மூன்று செ.மீ. கொப்புளம் என்றால் கூரான கட்டர் கத்தியால் அதைச் சுற்றி வெட்டி, தளர்ந்த காகிதத்தை எடுத்துவிட்டு, இறுகும் வகையால் பள்ளத்தை நிரப்புங்கள். விரல் நீளம் என்றால் நீளவாக்கில் ஒரே கீறல் போட்டு, பிளேடின் நுனியால் காம்பவுண்டையோ வெள்ளைப் பசையையோ உள்ளே செலுத்தி, அழுத்திப் பிதுக்கி, துடைத்துவிடலாம்.

அடிக்கணக்கில் ஒட்டவில்லை என்றால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம்வரை உரித்து, அங்கே நேராக வெட்டுங்கள். பழைய காம்பவுண்டைச் சுரண்டி, தூசி துடைத்து, புது டேப்பை ஒட்டுங்கள். புது முனையும் பழைய முனையும் முட்டி நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அங்கே மேடு நிற்கும். அதன்மேல் 6, 10, 12 அங்குல அகலத்தில் மூன்று மெல்லிய கோட்டுகள், ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு. பல வேலைகள் வீணாவது இந்தக் காத்திருப்பில் காட்டும் அவசரத்தால்தான்.

போர்டின் மேல்காகிதம் கிழிந்து உப்புகிறது. அதன்மேல் பூசலாமா?

பூசக் கூடாது. வழவழப்பான மேல்தாள் உரிந்தால் உள்ளே பழுப்பு நிறத் தாள் தெரியும். அது மை உறிஞ்சும் தாள்போல் ஈரத்தைக் குடித்து, பூசிய ஐந்து நிமிடத்தில் சுருக்கம் சுருக்கமாக எழும். தளர்ந்த காகிதத்தை இழுத்துக் கிழிக்காமல் கத்தியால் சுற்றிக் கீறி எடுங்கள். விளிம்பை மெல்லத் தேய்த்து, ஆயில் ப்ரைமரோ அரக்கு சேர்ந்த ப்ரைமரோ ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். தண்ணீர் கலந்த சாதாரண ப்ரைமர் அங்கே உதவாது, அதுவே தாளை உப்ப வைக்கும். அதன்பிறகு காம்பவுண்டு இழுத்தால் அசையாது. பழைய வால்பேப்பரை உரித்த சுவருக்கும் இதே முறைதான்.

மழைக்காலத்தில் சீக்கிரம் காய ஃபேன் போடலாமா?

நேரடியாக வேண்டாம். ஃபேன் காற்றோ ஹாலஜன் விளக்குச் சூடோ ஓரிடத்தில் பட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள் ஈரம் அடைபடும். பிறகு அந்த ஈரம் டேப்பைத் தளர்த்தும். ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைச் சுவரை நோக்கி வைக்காமல் அறைக்காற்று நகரும்படி வையுங்கள். சாதாரண நாளில் ஒரு கோட் காய 24 மணி நேரம். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் இரண்டு நாள்கூட ஆகலாம். நிறத்தைப் பாருங்கள்: ஈரம் உள்ள இடம் மங்கிய சாம்பலாகத் தெரியும், முழுதும் ஒரே வெண்மையானால் காய்ந்துவிட்டது.

காம்பவுண்டுக்குப் பதில் சுவர் பட்டி பயன்படுத்தலாமா?

வெள்ளை சிமென்ட் பட்டி சிமென்ட் பூச்சுச் சுவருக்கானது. காகித டேப்பைப் பிடித்துவைக்கும் பசை அதில் இல்லை, போர்டு சற்று அசைந்தாலும் விரிசல் விடும். விலை குறைவு என்று இணைப்பில் அதை நிரப்பினால் டேப் பாளம் பாளமாக வரும்.

பெயின்ட் அடித்த பிறகுதான் குமிழ் தெரிந்தது. எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

வேண்டாம். டேப் கெட்டியாக இருந்து ஊசித்துளைகள் மட்டும் என்றால் 150 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, இளக்கிய காம்பவுண்டை அழுத்தி இழுங்கள். காய்ந்தபின் 220 உப்புத்தாள், பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ப்ரைமர், கடைசியில் சுவர் முழுக்க ஒரு கோட் பெயின்ட். ப்ரைமரை விட்டால் அந்த இடம் வெயிலில் திட்டாகத் தெரியும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். அந்த மாவுத்தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

ஸ்க்ரூ மேல் உப்புவதற்கு?

தளர்ந்த ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் நிற்காது. அதிலிருந்து நாலு செ.மீ. தள்ளி போர்டைத் தாங்கும் அதே சட்டத்தில் புது ஸ்க்ரூ அடித்து, போர்டு சட்டத்தோடு ஒட்டியபின் பழையதைக் கழற்றி, இரண்டு குழியையும் நிரப்புங்கள். தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே இறங்கினால் போதும்.

கறையோடு உப்பினால்?

காம்பவுண்டைத் தொடாதீர்கள். ஏசியின் கழிவுநீர்க் குழாய், மேல்மாடிக் குளியலறை, மொட்டைமாடி ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். ஒழுகல் நின்று, போர்டு காய்ந்து, விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருந்தால் மட்டும் கறையை ஆயில் ப்ரைமரால் அடைத்துச் சரிசெய்யலாம். மெத்தென்று அமுங்கினால் அந்தப் போர்டையே மாற்றுங்கள்.

மீந்த காம்பவுண்டை எப்படி வைப்பது?

பக்கெட்டின் உள்சுவரில் ஒட்டியதை எல்லாம் வழித்து, பரப்பைச் சமமாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் விரித்து மூடியைப் போடுங்கள். ஓரத்தில் காய்ந்த துணுக்குகள் உள்ளே விழுந்தால் அடுத்த முறை பிளேடு இழுக்கும் கோடெல்லாம் கீறலாக வரும். விழுந்துவிட்டால் கொசுவலையில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். நாற்றம் அடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.